டிங் விழும் இடம்

"அக்கா, கிளிக் கேக்குதா?"

கேட்டது. காதை அமுக்கிக்கொண்டிருந்த ஹெட்போனுக்குள் யாரோ உட்கார்ந்து மர ஸ்கேலால் மேசையைத் தட்டுவதுபோல் கேட்டது. டிங், டக், டக். டிங், டக், டக்.

"கேக்குது தம்பி."

"அந்த டிங் வரும்போது கரெக்டா ஆரம்பிச்சிடுங்க. ரெடியா?"

நான் தலையாட்டினேன். எனக்குப் பின்னால் ஆறு பெண்கள், ஆறு பேரும் ஒரே மாதிரி நீலப் புடவை. பாட்டுப் பதிவுக்கு யாரும் நம்மைப் பார்க்கப்போவதில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். மின்விசிறி ஓடினால் சத்தம் பதிவாகும் என்று நிறுத்திவிட்டதால் மல்லிகைப்பூ, பவுடர், வேர்வை மூன்றும் கலந்து அறையே மயக்கமாக இருந்தது.

டிங்.

ஆரம்பித்தோம். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. கீபோர்டின் கடைசிக் கட்டையிலிருந்து கையை எடுத்தபோது நான் புன்னகையோடு நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூடியோக்காரத் தம்பி பிரபு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா தம்பி, நல்லா இல்லியா?"

"பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா கிளிக் ஒரு பக்கம் போவுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க. நாலு நிமிஷப் பாட்டு அக்கா இது. மூணே நிமிஷத்துல முடிச்சிட்டீங்க."

எங்கள் குழுவின் முதல் குரல் ரெஜினா. அவள் மைக்கை நெருங்கி, "சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே தம்பி? திண்டிவனம் பஸ்ஸப் பிடிச்சிடலாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் நிற்காத சிரிப்பு. ஒரு பக்கம் மானம் போகிறது, இன்னொரு பக்கம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பை ஒருவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் குழு

இந்தத் தொடரில் இதுவரை என் ரத்தப் பரிசோதனை நிலைய வேலையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். போன வாரம் வந்ததைப் படித்துவிட்டு ரெஜினா போன் செய்து, "ஊசி குத்துறதையே எத்தனை வாரம் எழுதுவ? நம்ம பாட்ட எப்ப எழுதப்போற?" என்று சண்டைக்கு வந்தாள். எழுதிவிட்டேன் ரெஜினா. இனி உன் பாடு.

திண்டிவனத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பத்து வருடம் கீபோர்டு வாசித்தேன். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சின்னக் கீபோர்டில் நானே தட்டித் தடவிப் படித்தேன். காலையில் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பேன். சனிக்கிழமை மாலை பாட்டு ஒத்திகை. ஞாயிறு பூசை. முப்பத்தெட்டு வயதில் என் வாழ்க்கை அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை, நன்றாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாப் பாட்டுக்கு என்னைச் சேர்த்த டீச்சர் மூன்றாவது நாளே என்னைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீ வாய மட்டும் அசை, சத்தம் வர வேணாம்" என்றார். நான் எல்லாருக்கும் முன்னால் ஓடிவிடுகிறேனாம். குரல் குற்றம் இல்லை, வேகம்தான் குற்றம். அன்று மேடையில் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "உன் குரல்தான் தனியாக் கேட்டுச்சு" என்று பெருமையாகச் சொன்னார். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இருபது வருடம் ஆனது.

ஸ்டூடியோ போன அந்த வருடம் பங்குத் திருவிழாவுக்கு எங்கள் சொந்தப் பாட்டைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போடலாம் என்று ஃபாதர் சொன்னார். ரெஜினா எழுதி, நான் மெட்டுப் போட்ட பாட்டு. இப்படி ஆரம்பிக்கும்:

என் வாசலில் நீர் வந்து நின்றீர்.

இந்த வரியை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தலையெழுத்தே இதில்தான் இருந்தது.

எது ஒண்ணு?

கதவருகே நின்றிருந்தவர் உள்ளே வந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். வெயிலில் கறுத்த கை, வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பெரிய கறுப்புப் பை.

"இவரு ஏழுமலை அண்ணன்" என்றான் பிரபு. "காணை பக்கம். கச்சேரில பேட் வாசிக்கிறவரு. ஒயர் பத்த வைக்க வந்தாரு. அண்ணே, நீங்களே கேளுங்க, இன்னா பண்ணலாம்?"

பேட் என்பது குச்சியால் தட்டினால் எல்லா மேளச் சத்தமும் வரும் தட்டையான கருவி. வார நாளில் கரும்புத் தோட்டம், வாரக் கடைசியில் கல்யாணக் கச்சேரி என்று அவர் காலம் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், முன்பின் தெரியாத ஒருவர் என் கீபோர்டின் மேலேயே தன் போனை வைத்தார் என்பதுதான். எனக்குக் கோபம் வந்தது.

"மேடம், இது மெட்ரோனோம். நிமிஷத்துக்கு எத்தனை தட்டுனு சொன்னா அத்தனை தட்டும். இப்ப தொண்ணூறு வச்சிருக்கேன். கேளுங்க."

டக், டக், டக், டக், டக்.

"இதுல எது ஒண்ணு?"

"எது ஒண்ணுனா?"

"எங்கேர்ந்து எண்ண ஆரம்பிப்பீங்க?"

கேட்டேன். எல்லாத் தட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருந்தது. "எல்லாமே ஒண்ணு மாதிரிதான் இருக்குது."

"அதான். எல்லாமே ஒண்ணா இருந்தா எதுவும் ஒண்ணு இல்ல." போனில் எதையோ தொட்டார். "இப்போ?"

டிங், டக், டக், டக். டிங், டக், டக், டக்.

சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி இருந்தது. ரெஜினா நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்தாள். அவர் மறுபடி தொட்டார்.

டிங், டக், டக். டிங், டக், டக்.

வேகம் மாறவில்லை. எண் அதே தொண்ணூறு. ஆனால் அறை ஊஞ்சலாகிவிட்டது. என் தோள் தானாக இடமும் வலமும் போனது. அழுத்தம் ஒரு தட்டில் விழுந்ததும் மற்றத் தட்டுகள் எல்லாம் அதன் பின்னால் போய் ஒழுங்காக நின்றுகொண்டன. பத்து வருடமாக நான் வாசித்த பாட்டுகளில் பாதி ஊஞ்சல், பாதி அணிவகுப்பு என்று அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. ரத்தக் குழாய் கிடைக்காத கையில் திடீரென்று விரலுக்கு அடியில் அது துடிக்குமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

"இன்னொரு தடவ மாத்துங்க" என்றேன். மாற்றினார். "இன்னொரு தடவ." மாற்றினார். ஆறாவது தடவை பிரபு, "அக்கா, அடுத்த பார்ட்டி வெளிய நிக்குது" என்றான்.

பதிவு இரண்டு வாரம் தள்ளிப் போனது. அதற்குள் கிளிக்கோடு வாசிக்கப் பழகாவிட்டால் பாட்டைக் கைவிட்டுவிட்டுப் பழைய ஒலிநாடாவையே போட வேண்டியதுதான் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். ஏழுமலை என் போனில் அந்த மெட்ரோனோமை இறக்கிக் கொடுத்தார். "வாசிச்சு வாய்ஸ் மெசேஜ் போடுங்க மேடம். கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நம்பரும் கொடுத்தார்.

அதுதான் ஆரம்பம்.

ஓடுது

முதல் நாள் அனுப்பினேன். பதில் ஒரே சொல்: "ஓடுது."

இரண்டாம் நாள்: "ஓடுது."

மூன்றாம் நாள் வேகத்தை அறுபதுக்குக் குறைத்து, நொடிக்கு ஒரு தட்டு என்று வைத்து, மாவு அரைக்கிற மாதிரி நிதானமாக வாசித்து அனுப்பினேன். பதில்: "மெதுவா ஓடுது."

நான் போனைக் கட்டில்மேல் எறிந்தேன். பிறகு எடுத்து அந்தப் பதிலை மறுபடி படித்துச் சிரித்தேன். பிறகு எதற்குச் சிரிக்கிறேன் என்று யோசித்தேன். யோசிக்காமல் விட்டிருக்கலாம்.

மெட்ரோனோம் என்னைப் பிடித்து ஆட்டியது. நடக்கும்போது எண்ணினேன். பல் தேய்க்கும்போது எண்ணினேன். வேலை செய்யும் இடத்தில் ரத்தக் குப்பிகளைச் சுற்றிவிடும் இயந்திரம் ஓடினால் அதில் டிங் எங்கே என்று காது போனது. ஒரு நாள் பெரியவர் ஒருவருக்கு ஊசி குத்தியபடி வாய்க்குள் "ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு" என்று சொல்லியிருக்கிறேன்.

"இன்னாம்மா, மூணு பாட்டிலா எடுக்கப்போற?" என்று அவர் எழுந்தே விட்டார்.

அந்த ஞாயிறு ஃபாதரின் பிரசங்கத்திலும் தாளம் கண்டுபிடித்தேன். "அன்பான, இறைமக்களே" என்று அவர் இழுக்கும்போதெல்லாம் நான் 'பா'வில் தொடையைத் தட்ட, பக்கத்திலிருந்த ரெஜினா என்னைக் கிள்ளினாள்.

என் பக்கமிருந்தும் ஒரு கணக்கு தீர்ந்தது. ஏழுமலை ஒரு நாள் பாட்டின் ஒரு வரியைத் தானே பாடி அனுப்பி, "இந்த வேகத்துல வாங்க" என்றார். தாளம் கடிகாரம் மாதிரி சுத்தம். சுருதி மட்டும் எங்கேயோ செஞ்சிக்கோட்டை உச்சியில் நின்றது. நான் ஒரே சொல்லில் பதில் போட்டேன்: "பறக்குது."

அதற்கு அவரிடமிருந்து எழுத்து வரவில்லை. ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. திறந்தால் வெறும் சிரிப்பு, அதற்குப் பின்னால் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் சத்தம். அதை எத்தனை தடவை கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். அம்மாவும் இந்த வார இதழ் படிக்கிறார்.

ஆனால் பாட்டு மட்டும் நிற்கவில்லை. எண்ணிக்கொண்டு வாசித்தால் முதல் வரியிலேயே எங்கேயோ தடுக்கியது. தடுக்கினால் ஓடினேன். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் அதே இடம். அறுபதில் தடுக்கினால் தொண்ணூறில் விழத்தானே செய்யும்? பதிவுக்கு நான்கு நாள் இருந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னது சரிதானோ என்று முதல்முறையாக நம்பத் தொடங்கினேன். அன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பவில்லை.

வறுத்த மல்லாட்டை

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரிக் குப்பிகள் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். காதில் இயர்போன். டிங், டக், டக்.

வழியில் ஒரு நிறுத்தத்தில் மல்லாட்டை விற்கும் அம்மா ஒருவர் கூடையோடு ஏறினார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சு. அவர் குரல் இயர்போனைத் தாண்டி வந்தது.

"வறுத்த மல்லாட்டே! வறுத்த மல்லாட்டே!"

அவர் 'வறுத்த'வைச் சும்மா சொன்னார். 'மல்'லில்தான் அழுத்தினார். காதில் டிங்கும் சரியாக அங்கேதான் விழுந்தது. அதாவது அவர் கூவ ஆரம்பித்தது டிங்குக்கு முன்னால். 'வறுத்த' என்பது வாசற்படி. 'மல்' என்பது வீடு.

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

என் வாசலில் நீர் வந்து நின்றீர். நான் எப்போதும் 'என்'னில் டிங்கை வைத்துத்தான் ஆரம்பிப்பேன். முதல் சொல் அதுதானே, முதல் தட்டும் அதற்குத்தானே? அப்படி வைத்தால் அடுத்த டிங் எங்கே விழும்? வாசலில் என்பதன் 'லில்'லில். அதற்கடுத்தது? வந்து என்பதன் 'து'வில். "என் வாச லில்! நீர்வந் து!" யாராவது அப்படிப் பேசுவார்களா? எங்கள் வாய் அதைப் பொறுக்காமல் நடுவில் ஒரு தட்டை விழுங்கிவிட்டு 'வா'வைப் பிடிக்க ஓடியிருக்கிறது. பத்து வருடமாக நான் ஓடியது அவசரத்தால் அல்ல. தவறான வாசலில் நின்றுகொண்டு சரியான வீட்டைத் தேடியிருக்கிறேன்.

'என்'னை முந்தின தட்டுக்குத் தள்ளினேன். டிங்கை 'வா'வுக்குக் கொடுத்தேன்.

என் — *வா*சலில் — *நீர்* வந்து — *நின்*றீர்.

விழுந்தது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், தேங்காயைப் போட்ட மாதிரி விழுந்தது. நான் மறுபடி பாடினேன். மறுபடி. காதில் இயர்போன் இருந்ததால் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் பக்கத்தில் நின்றார்.

"இன்னாம்மா, எறங்கணுமா?"

"இல்லீங்க, பாட்டு வந்துடுச்சு!"

அவர் அடுத்த சீட்டுக்குப் போனார். மல்லாட்டை அம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லா பாடுற கண்ணு, ஒரு பொட்டலம் வாங்கிக்க" என்றார். நான் நான்கு வாங்கினேன்.

பஸ் சத்தத்தோடே பாடி, அங்கேயே ஏழுமலைக்கு அனுப்பினேன். விழுப்புரம் வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது பதில் வந்தது.

"நிக்குது."

அதற்குக் கீழே இன்னொன்று: "ஒரு நாள் மெசேஜ் வரல. உடம்பு சரியில்லையோனு பயந்துட்டேன்."

அன்று சனிக்கிழமை இல்லை. இருந்தாலும் மாலையில் குழுவைக் கூட்டினேன். "நாம டிங்குல ஆரம்பிக்கக் கூடாது. டிங் வர்றதுக்கு ஒரு தட்டு முன்னாடி 'என்' வந்துடணும். அப்புறம்தான் ஒண்ணு" என்று நான் மூச்சுவாங்க விளக்கினேன்.

"ஒண்ணுக்கு முன்னாடியா? கோயில்ல இன்னாடி பேசற?" என்றாள் ரெஜினா. அதற்குமேல் ஒத்திகை நடக்கக் கால் மணி நேரம் ஆனது.

அமாவாசை நாள்

பதிவுக்கு நாள் குறித்தபோது யாரும் காலண்டர் பார்க்கவில்லை. அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் எல்லாப் பஸ்ஸிலும். நீலப் புடவை ஆறும் நானும் கீபோர்டும் விழுப்புரம் வரை நின்றுகொண்டே போனோம். மூன்று பேருக்குப் பூ நசுங்கிவிட்டது.

முட்டை அட்டை அறையில் எல்லாரும் நின்றோம். பேட் வாசிக்க ஏழுமலை வருவதாகச் சொல்லியிருந்தார். நேரமாகியும் காணவில்லை.

"ஜல்தி ஆரம்பிக்கலாம் அக்கா, அப்புறம் பேஜாரு ஆயிடும்" என்று பிரபு அவசரப்படுத்தினான். கடைசியில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கூட்டத்தில் பைக் நகரவில்லை என்று கடைசி ஒரு கிலோமீட்டர் பேட் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"ஓடுது" என்றேன் நான்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கிளிக் கேக்குதா?"

டிங், டக், டக். டிங், டக், டக். நான் கையைத் தூக்கினேன். இரண்டாவது டக்கில் ஆறு குரலும் "என்" என்று எழுந்தன. டிங்கில் 'வா' இறங்கியது. அவர் பேடிலிருந்து அதே நொடியில் மெல்லிய ஒரு மேளத் தட்டு. அதன் பிறகு நான் எண்ணவே இல்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. கிளிக் எங்களைத் துரத்தவும் இல்லை, நாங்கள் அதை விட்டு ஓடவும் இல்லை. சேர்ந்தே போனோம். நான்கு நிமிடம் என்பது எவ்வளவு நீளமானது, எவ்வளவு இடம் உள்ளது என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசிச் சுரம் அடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் பிரபு கட்டைவிரலைத் தூக்கினான். அவன் பதிவை நிறுத்துவதற்குள் ரெஜினா, "அய்யோ மாதாவே, நிந்துடுச்சு!" என்று கத்திவிட்டாள்.

அதுவும் பதிவாகிவிட்டது. வெட்டிவிடச் சொன்னோம். பிரபு மறந்துவிட்டான். திருவிழா அன்று கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்ததும் தெரு முழுக்க "அய்யோ மாதாவே, நிந்துடுச்சு!" என்று முழங்கியது. பின்வரிசையில் இருந்த பெண்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். புதுமாதிரியான ஜெபம் என்று நினைத்தார்களாம்.

விழுப்புரம் பஸ் நிலையத்தில்

பதிவு முடிந்து மற்றவர்கள் முறுக்கு வாங்கப் போனார்கள். அதாவது ரெஜினா அவர்களைத் தள்ளிக்கொண்டு போனாள். பஸ் நிலையத்து டீக்கடையில் ஏழுமலையும் நானும் நின்றோம்.

"பாட்டு முடிஞ்சிடுச்சு. இனிமே வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேணாம் இல்ல?" என்றேன்.

"அனுப்புங்களேன்."

"இன்னாத்த அனுப்புறது?"

அவர் டீ கிளாஸில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆள் சரியான தட்டு வரட்டும் என்று காத்திருந்தே வயதாகிவிடும் ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் முன்னாலேயே ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு வீட்ல பொண்ணு பாக்கறாங்களா?"

"பாத்துப் பாத்து விட்டுட்டாங்க. கரும்பு போடறவனுக்கு யாருங்க பொண்ணு குடுக்கறாங்க?"

"நான் குடுக்கறேன்."

"யார?"

"என்னத்தான்."

டீ அவர் சட்டையில் பாதி, தரையில் பாதி. நாக்கைச் சுட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "நெசமாவா?" என்றார். "நெசமாத்தான்" என்றேன். என் கால் தரையில் இல்லை.

அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அம்மா அப்பா போனப்புறம் என்ன வளர்த்தது எங்க அக்கா அஞ்சலை. கண்டாச்சிபுரத்துல குடுத்திருக்குது. அது சரின்னாத்தான் எனக்கு மனசு வரும். வேணான்னா..." டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தார். "நீங்க வேற, நாங்க வேற. அக்கா இன்னா சொல்லும்னு தெரியலங்க."

எங்கள் வீட்டில் அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "அவன் பூசைக்கு வருவானா?" என்று கேட்டார்.

"வாசிக்க வருவாரு."

"அப்ப உள்ள வந்து உக்காந்து வாசிக்கட்டும். வெளிய நிக்க வேணாம்" என்றார். அம்மாவின் சம்மதம் அவ்வளவுதான்.

ஆனால் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. "அக்கா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டால், "பாக்கலாம்னு சொல்லுது" என்பார். ஒரு மாதம் அப்படியே போனது. பாக்கலாம் என்ற சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று நானும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

சர்க்கரைப் பரிசோதனை

ஒரு காலை, எங்கள் பரிசோதனை நிலையம் திறந்த கையோடு ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். பெரிய பொட்டு, சிவப்புப் புடவை, கையில் வயர் கூடை.

"சர்க்கர பாக்கணும்."

"பேரு சொல்லுங்கம்மா."

"லட்சுமி."

"எந்த ஊரு?"

"செஞ்சி பக்கம்."

"வெறும் வயித்துல வந்தீங்களா?"

"ஒரு டீதான் குடிச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு வட."

"அப்ப இது சரியா வராதும்மா. நாளைக்கு வர்றீங்களா?"

"அய்ய, நாளைக்கெல்லாம் வர முடியாது. விடியறதுக்கு முன்னாடி கெளம்பி ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். நீ எடும்மா."

எடுத்தேன். அவர் ஊசியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் காதில் இருந்த கம்மல், கழுத்துச் சிலுவை, கை விரல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொன்னேன். குப்பியில் பேர் ஒட்டப் போனேன்.

"வலிக்கவே இல்ல" என்றார். "உன் கை நல்ல கை. அந்தச் சீட்டுல பேர மாத்தி எழுது."

"ஏம்மா?"

"லட்சுமி இல்ல. அஞ்சலை."

குப்பி என் கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. ஓரத்தில் விழுவதற்குள் அவரே பிடித்துக் கொடுத்தார்.

"நான் வர்றது அவனுக்குத் தெரியாது. சொல்லாத" என்றார். "அவன் சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். சோறு துன்னும்போது தட்டுவான், வரப்புல நிக்கும்போது தட்டுவான். தூங்கறப்போகூட ஒரு காலு ஆடிக்கினே இருக்கும். இவனோட யாரு குடித்தனம் பண்ணுவா, பைத்தியம் பிடிச்சி ஓடிடுவாளேனு எனக்கு ஒரே கவல."

நான் சீட்டில் பேரை மாற்றி எழுதினேன்.

"வந்து உக்காந்ததுலேர்ந்து உன் காலத்தான் பாக்கறேன்" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். "நிறுத்தாத நிறுத்தாத" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வயர் கூடையிலிருந்து ஒரு முழம் கனகாம்பரம் எடுத்து என் தலையில் அவரே வைத்துவிட்டார். அடுத்த மாதமே பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, கோயிலில் ஆசீர்வாதம், காணையில் சாப்பாடு.

அஞ்சலை அண்ணியின் சர்க்கரை இருநூறைத் தாண்டியிருந்தது. அந்தத் தாளை நானே எடுத்துக்கொண்டு, ரத்தம் எடுத்த அந்த வார ஞாயிறே கண்டாச்சிபுரம் போனேன், இனிப்பைக் குறைக்கச் சொல்ல. போன இடத்தில் அவர் எனக்கு லட்டு பிடித்துத் தட்டு நிறைய வைத்திருந்தார். எனக்கு ஒன்று ஊட்டிவிட்டு, தனக்கும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள் அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. இரண்டாவது லட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.